உயிர் போகாத அடி

கொல்லாத ஆயுதம் என்று ஒன்று உண்டா? கொல்லாது என்பதற்காகவே ஓர் ஆயுதம் நல்ல ஆயுதம் ஆகிவிடுமா? இளைஞர்களாகிய நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய கேள்வி இது. யோசிக்காமலே நாம் அடிக்கடி சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது: "ரெண்டு அடி அடிச்சா உயிரா போயிடப் போகுது?" அந்தப் பதிலின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

போலீஸ்காரரின் இடுப்பு வாரைக் கவனித்துப் பாருங்கள். துப்பாக்கி நம் கண்ணை இழுக்கும். ஆனால் பக்கத்திலேயே ஒரு தடியும் ஒரு டார்ச்லைட்டும் இருக்கும். தடியை மலாயில் சோத்தா என்பார்கள். ஊரில் லத்தி, தாத்தா காலத்துப் பேச்சில் குண்டாந்தடி. இப்போது பல நாடுகளில் மடக்குத் தடிதான் வழக்கம். ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிய இரும்புக் குழாய்கள். மடக்கி வைத்தால் ஒரு சாண்தான் இருக்கும். கையை ஓர் உதறு உதறினால் சரக்கென்று 21 அல்லது 26 அங்குலத்துக்கு நீளும். அந்தச் சத்தத்திலேயே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

இந்த வகைக் கருவிகளுக்கு உலகம் வைத்த பெயரிலேயே ஒரு கதை உண்டு. 1990-இல் ஹவானாவில் ஐ.நா. மாநாடு ஏற்றுக்கொண்ட கோட்பாடுகள், போலீசார் துப்பாக்கியை எடுக்க வேண்டிய தேவை குறையும்படி 'உயிரைப் பறிக்காத' கருவிகளை அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லின. முப்பது வருஷம் கழித்து, 2020-இல், அதே ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. அதில் பெயர் மாறியிருந்தது. 'உயிரைப் பறிக்காத' போய் 'உயிரைப் பறிக்கும் வாய்ப்புக் குறைந்த' என்று வந்தது. சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனால் முதல் பெயர் ஒரு வாக்குறுதி. இரண்டாவது பெயர் ஓர் எச்சரிக்கை. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் அந்த மாற்றத்தின் காரணம் புரியும்.

டார்ச்லைட் தடியான கதை

முதலில் டார்ச்லைட்டை எடுத்துக்கொள்வோம். அதை யாரும் ஆயுதம் என்று நினைப்பதில்லை. இருட்டில் வழி பார்க்கும் சாமான். அவ்வளவுதானே?

அமெரிக்காவில் 1979-இல் மேக்லைட் என்ற டார்ச் விற்பனைக்கு வந்தது. கெட்டியான அலுமினியக் குழாய். வரிசையாக மூன்று, நான்கு பெரிய பேட்டரிகள் போட வேண்டும். ஒரு பேட்டரியே ஏறக்குறைய 140 கிராம். குழாயும் சேர்ந்தால் நான்கு பேட்டரி டார்ச் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். நல்ல வெளிச்சம், சுலபத்தில் உடையாது. போலீசாருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ராத்திரிப் பணியில் அது எப்போதும் கையிலேயே இருக்கும். கைகலப்பு வந்தால் தடியை உருவ நேரம் வேண்டும். டார்ச்சை உருவ வேண்டியதே இல்லை. இப்படித்தான் வெளிச்சம் காட்ட வந்த சாமான் அடிக்கும் சாமான் ஆனது.

1992 நவம்பரில் டெட்ராய்ட் நகரில் மாலிஸ் கிரீன் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் காரோடு மடக்கினார்கள். கையில் இருந்ததை விடச் சொன்னார்கள், அவர் விடவில்லை. கனமான டார்ச்லைட்டால் தலையில் அடித்தார்கள். அவர் இறந்துபோனார். இரண்டு அதிகாரிகள் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார்கள். மேல்முறையீட்டுக்குப் பின் நடந்த மறுவிசாரணையில் அது கொலையாகாத மரணம் என்று குறைந்தது. ஆனாலும் ஓர் உண்மை மாறவில்லை. அன்று துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு மனிதன் டார்ச்லைட்டால் செத்தான்.

2004 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் இன்னொரு சம்பவம். கார் துரத்தலுக்குப் பிறகு ஓடி, கடைசியில் நின்று சரணடைந்த மாதிரி தெரிந்த ஸ்டான்லி மில்லர் என்பவரை ஓர் அதிகாரி டார்ச்லைட்டால் 11 முறை அடித்தார். மேலே தொலைக்காட்சி ஹெலிகாப்டர் அதை நேரலையாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஊரே கொதித்தது. அதற்குப் பிறகு அந்தப் போலீஸ் துறை ஒரு வேலை செய்தது. 2007-இல் கைக்கு அடக்கமான, எடை குறைந்த ஒரு புது டார்ச்சைத் தன் ஆட்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. பழைய கனத்த டார்ச்சுகள் ஓரங்கட்டப்பட்டன. எல்இடி விளக்கு வந்ததால்தான் அது முடிந்தது. வெளிச்சத்துக்குப் பெரிய பேட்டரியும் நீளக் குழாயும் தேவையில்லாமல் போனது.

இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனிதரை மாற்றுவது கஷ்டம், சாமானை மாற்றுவது சுலபம் என்று அவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். கையில் கனம் இல்லாவிட்டால் அடியிலும் கனம் இருக்காது. ஆனால் அதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

ஒன்றை மூடினால் இன்னொன்று

அதே லாஸ் ஏஞ்சலஸில் அதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள். கழுத்தை நெரித்துப் பிடிக்கும் பிடியால் பலர் இறந்ததால், 1982-இல் அந்தப் பிடிக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. நல்ல காரியம். ஆனால் பிடி போன இடத்துக்குத் தடி வந்தது. 1991 மார்ச் 3-ஆம் தேதி ராட்னி கிங் என்பவரைச் சுற்றி நின்று போலீசார் தடியால் அடித்ததை ஒருவர் தன் வீட்டிலிருந்து வீடியோ எடுத்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட அடிகள். வழக்கு வந்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் அடித்தோம் என்று அதிகாரிகள் தரப்பு வாதாடியது. 1992 ஏப்ரலில் ஜூரி அவர்களைத் தண்டிக்காமல் விட்டதும் நகரம் பற்றி எரிந்தது. அந்தக் கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டு மத்திய நீதிமன்றத்தில் இருவருக்கு மட்டும் தண்டனை கிடைத்தது.

அந்தத் தடி ராட்னி கிங்கைக் கொல்லவில்லை. அவர் அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். 'உயிர் போகவில்லையே' என்ற கணக்கில் பார்த்தால் அந்தத் தடி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனால் அந்தக் கணக்கு சரி என்று நம்மில் யாராவது சொல்வோமா?

தடியடிக்கு இன்னொரு குணம் உண்டு. துப்பாக்கிக் குண்டு ஓட்டை போட்டு சாட்சி சொல்லும். தடி அப்படிச் சொல்லாது. 1928 அக்டோபர் 30-இல் லாகூரில் சைமன் குழுவுக்கு எதிரான ஊர்வலத்தில் லாலா லஜபதி ராய் லத்தியால் அடிபட்டார். நவம்பர் 17-இல் இறந்தார். அடிதான் காரணம் என்று நாடே நம்பியது. பிரிட்டிஷ் அரசோ பொறுப்பேற்க மறுத்துவிட்டது. இடையில் 18 நாள் ஓடிவிட்டதே, அது போதும் மறுப்பதற்கு. நம்முடைய திருப்பூர்க் குமரனும் 1932 ஜனவரியில் லத்தியடியில்தான் உயிர் விட்டார். கையில் கொடி மட்டும்தான் இருந்தது.

ஆக, சாவு குறைந்த ஆயுதத்தில் பொறுப்பும் குறைந்துபோகும் ஆபத்து இருக்கிறது. ஒரு குண்டு சுட்டால் அறிக்கை எழுத வேண்டும், தோட்டாவை எண்ண வேண்டும், விசாரணை வரும். நாலு தட்டு தட்டினால் யார் எண்ணப் போகிறார்கள்?

"வெறுங்கையோட நிக்கவா அண்ணே?"

இதையெல்லாம் எங்கள் கிளையின் மாதாந்திரக் கலந்துரையாடலில் பேசியபோது ஒரு தம்பி எழுந்தார். ராத்திரி ஷிப்டில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஜாகா வேலை பார்ப்பவர். கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

"அண்ணே, நீங்க ஏசி ரூம்ல உக்காந்து பேசிட்டு போயிடுவீங்க. விடியக்காலம் மூணு மணிக்கு நாலு பேரு பாராங் கத்தியோட வந்தா, நான் வெறுங்கையோட நிக்கவா? என்கிட்ட தடி இருந்தா அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இல்லன்னா ஒண்ணு நான் சாவேன், இல்ல எவனாவது துப்பாக்கி கேப்பான்."

சபையில் கைதட்டல். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதை மழுப்பக் கூடாது. வெறுங்கைக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத காவலருக்கு, பயம் வந்தால் துப்பாக்கி ஒன்றுதான் வழி. நடுவில் ஒரு படி இருந்தால் அவர் அந்தப் படியில் நிற்கலாம். இங்கிலாந்தில் இன்றும் பெரும்பாலான போலீசார் துப்பாக்கி இல்லாமல், தடியோடுதான் ரோந்து போகிறார்கள். அங்கே தடி துப்பாக்கியின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் அது உயிர் காக்கும் சாமான்தான்.

நான் அந்தத் தம்பியிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "பாராங் கத்தியோட வந்தவனுக்குத் தடி சரி. கத்தி கீழ விழுந்துடுச்சு, அவன் குப்புற விழுந்து கிடக்கான். இப்ப உங்க கையில தடி இருக்கு, மனசுல கோபம் இருக்கு. அடுத்த அடி எதுக்கு?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதான் அண்ணே கஷ்டம். அந்த நேரத்துல கை நிக்காது" என்றார்.

அன்றைய கூட்டத்தில் பேசிய எல்லோரையும்விட அந்தத் தம்பிதான் உண்மையைச் சொன்னார் என்பது என் எண்ணம்.

கை ஏன் நிற்பதில்லை?

துப்பாக்கியைத் தூக்கும் கைக்கு ஒரு பயம் இருக்கும். 'இதை அழுத்தினால் ஓர் உயிர் போகும்' என்ற பயம். பல நேரங்களில் அந்தப் பயமே கையைப் பிடித்து நிறுத்தும். தடியைத் தூக்கும் கைக்கு அந்தப் பயம் கிடையாது. 'உயிரா போகப் போகுது' என்ற சமாதானம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. ஆயுதத்தின் தீங்கு குறையக் குறைய, அதை எடுக்கும் தயக்கமும் குறைந்துகொண்டே வருகிறது. துப்பாக்கிக்குப் பதிலாக வந்த தடி, நாளடைவில் வாய்ப்பேச்சுக்குப் பதிலாக வந்துவிடுகிறது. கட்டளைக்கு உடனே கீழ்ப்படியவில்லையா, ஒரு தட்டு. எதிர்த்துப் பேசினானா, இன்னொரு தட்டு. துப்பாக்கியை எடுப்பதைப் பற்றி யாரும் கனவிலும் நினைக்காத இடங்களில் தடி எடுக்கப்படுகிறது.

பயிற்சி இதைச் சரிசெய்யப் பார்க்கிறது. தடிப் பயிற்சியில் மனித உடம்பின் படத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பிரித்துக் காட்டும் முறை உண்டு. தொடை, முன்னங்கை போன்ற சதைப்பிடிப்பான இடங்கள் பச்சை. மூட்டுகள் மஞ்சள். தலை, கழுத்து, முதுகெலும்பு சிவப்பு. ஐ.நா. வழிகாட்டியும் கை கால்களைத் தவிர்த்துத் தலை, கழுத்து, நெஞ்சுப் பக்கம் போகாதே என்கிறது. தேவையான பயிற்சிதான்.

ஆனால் பச்சை இடத்தில் எத்தனை அடி அடிக்கலாம் என்று எந்தப் படமும் சொல்வதில்லை. நம் நாட்டில் யாரும் மறக்கக் கூடாத ஒரு பெயர் ஏ. குகன். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்த இந்திய இளைஞர். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது. குடும்பம் போராடி இரண்டாவது பரிசோதனை கேட்டது. அதில் தெரிந்தது வேறு. திரும்பத் திரும்ப அடிபட்ட தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்திருந்தது. 2013-இல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

மருத்துவம் சொல்லும் இந்தப் பாடத்தைக் கவனியுங்கள் தம்பிகளே. தலையில் ஒரே அடி கொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். சதையில் விழும் ஓர் அடி கொல்லாது, பத்தாவது அடியும் கொல்லாமல் இருக்கலாம். ஆனால் எல்லா அடியும் சேர்ந்து கொல்லும். எந்த அடி கொன்றது என்று கேட்டால் பதில் கிடையாது. ஒவ்வொரு அடியையும் அடித்தவர், 'என் அடியில் சாகவில்லை' என்று சொல்லலாம்.

நம் வீட்டுப் பக்கமும் பார்ப்போம்

இதுவரை போலீசைப் பற்றிப் பேசினோம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கொஞ்சம் நம் பக்கமும் திரும்புவோமா?

தோட்டத்துப் பிள்ளைகளாக இருந்தாலும் தாமான் பிள்ளைகளாக இருந்தாலும், சுவரில் மாட்டிய பிரம்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? "அடியாத மாடு படியாது" என்று சொல்லிச் சிரிப்போம். பிள்ளை வேறு, மாடு வேறு என்று யாரும் குறுக்கே பேசுவதில்லை. பக்கத்து வீட்டுப் பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் காப்பிக் கடையில் என்ன பேசிக்கொள்கிறோம்? "நாலு தட்டு தட்டட்டும், அப்பத்தான் திருந்துவான்." அதே பையன் செய்தித்தாளில் படமாக வந்தால் கண்ணீர் விடுகிறோம், கையெழுத்து வேட்டை நடத்துகிறோம். அந்த நாலு தட்டுக்கு முன்கூட்டியே சம்மதம் கொடுத்தவர்களில் நாமும் உண்டு. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

டார்ச்லைட்டும் நமக்கு அந்நியமில்லை. தைப்பூசத்தில் பத்துமலையில் தொண்டூழியம் செய்யும்போது கையில் ஒரு டார்ச், கழுத்தில் ஓர் அடையாள அட்டை. கூட்டத்தை ஒழுங்குபடுத்த அது போதும். தமிழில் டார்ச் 'அடிப்பது' என்றுதான் சொல்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? தடியாலும் அடிக்கிறோம், வெளிச்சத்தையும் அடிக்கிறோம். மூத்த தொண்டர்கள் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்: "காலடியில அடி, மூஞ்சியில அடிக்காத." காலடியில் அடித்த வெளிச்சம் காவடி எடுத்து வருபவருக்குப் படி காட்டும். முகத்தில் அடித்தால் அவருக்குக் கண் கூசும், எதுவும் தெரியாது. நமக்கு மட்டும் அவர் தெரிவார். போலீசுக்காக விற்கும் சில டார்ச்சுகளில் விட்டு விட்டு மின்னும் வசதியே உண்டு, எதிராளியைத் தடுமாற வைக்க. ஒரே விளக்குதான். எங்கே திருப்புகிறோம் என்பதில் அது உதவியா, அதட்டலா என்பது முடிவாகிறது.

கோலும் கையும்

நம் மொழி இதை எப்போதோ யோசித்து வைத்திருக்கிறது. ஆட்சியைத் தமிழில் கோல் என்றே சொன்னார்கள். நேராக இருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். கோலே இல்லாத ஆட்சி என்று யாரும் பேசவில்லை. அதன் நேர்மையைத்தான் கேட்டார்கள். தண்டம் என்ற சொல்லுக்கும் தடி, தண்டனை என்று இரண்டு பொருள் உண்டு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாம் கும்பிடும் தெண்டாயுதபாணி, தண்டத்தையே ஆயுதமாகக் கையில் வைத்திருப்பவர். ஆனால் அந்தத் தடியோடு அவர் நிற்கும் கோலம் என்ன? எல்லாவற்றையும் விட்டுவிட்ட ஆண்டிக் கோலம். யாரையும் ஓங்கி நிற்கவில்லை. தடியைத் தூக்கும் உரிமை யாருக்கு என்று கேட்டால், தன் கோபத்தை முதலில் கீழே வைத்தவருக்கு என்று அந்தக் கோலம் சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை வைத்துத்தான் என் பதிலைச் சொல்கிறேன். உயிர் போகாத ஆயுதம் வேண்டும். துப்பாக்கியைவிட அது ஆயிரம் மடங்கு மேல். எடை குறைந்த டார்ச்சும் வேண்டும், வண்ணம் பிரித்த பயிற்சிப் படமும் வேண்டும். ஆனால் ஓர் அடி சரியா தப்பா என்பதை, உயிர் போனதா இல்லையா என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்த அடி தேவைப்பட்டதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேவையில்லாத ஒரே ஓர் அடி, ஒரு சிராய்ப்புகூட விழாவிட்டாலும், தப்புதான்.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், ஆயுதம் என்றால் கொல்லக்கூடியது என்று மட்டும் சொல்லவில்லை. காயப்படுத்தக்கூடிய கருவியே அதற்குப் போதும். ஆன்லைனில் மடக்குத் தடி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக் காரில் போட்டு வைக்கும் தம்பிகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் இயக்கப் பிள்ளைகளில் நாளை சிலர் போலீசில் சேர்வீர்கள். சிலர் ஜாகா, சிலர் ஆசிரியர், பெரும்பாலோர் அப்பா அம்மா ஆவீர்கள். ஏதோ ஒரு நாள் உங்கள் கையிலும் ஒரு தடி இருக்கும். ஓங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது எதிரில் இருப்பவரால் யாருக்காவது ஆபத்து இருக்கிறதா? பேசிப் பார்த்தேனா? இந்த அடியை நாளைக்கு என் அம்மா முன்னால் நின்று விளக்க முடியுமா?

மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் கையைக் கீழே இறக்குங்கள். டார்ச் இருந்தால் காலடியில் அடியுங்கள்.